பொம்மை வாங்கியவனுக்கா, விற்றவனுக்கா?

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் என்றொரு நகரம். பழைய தலைமுறையினருக்கு அந்தப் பெயர் ராலே சைக்கிளால் பழக்கமாகியிருக்கும். ஆஸன்ஸாலில் சென்-ராலே கம்பெனி சைக்கிள் செய்து விற்ற காலத்தில் அந்த முத்திரைக்குத் தாய்வீடு நாட்டிங்ஹாம்தான். அங்கே லென்டன் என்னும் பகுதியில் இருந்த ராலே தொழிற்சாலை 2002-ல் மூடப்பட்டது. இன்று அதே லென்டனில் வேறொரு கம்பெனி கொடிகட்டிப் பறக்கிறது. அது செய்வது சைக்கிள் அல்ல, பொம்மை. ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான உயரமுள்ள போர்வீரர்கள், பூதங்கள், வேதாளங்கள், எலும்புக்கூடுகள்.

கம்பெனியின் பெயர் கேம்ஸ் வொர்க்ஷாப். 1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் ஒரு வாடகைக் குடியிருப்பில் தொடங்கியது. 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பெனிகளின் பட்டியலில் இடம்பிடித்தது. வங்கிகளும் எண்ணெய்க் கம்பெனிகளும் மருந்துக் கம்பெனிகளும் உட்கார்ந்திருக்கும் பந்தியில் ஒரு பொம்மைக் கம்பெனிக்கும் இலை போட்டார்கள்.

இந்தப் பொம்மைகளை வாங்குகிறவர்கள் குழந்தைகள் மட்டுமல்ல. எட்டு மணி நேரம் கிடங்கில் மூட்டை எண்ணிவிட்டு வருகிறவர், ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கிறவர், குமாஸ்தா, பஸ் டிரைவர், பள்ளி ஆசிரியர் எனப் பலரும் வாங்குகிறார்கள். வாங்கி, வெட்டி, ஒட்டி, வர்ணம் தீட்டி, ஒரு படையாக்கி, மேசைமேல் நிறுத்திச் சண்டை போடுகிறார்கள். "வயது வந்தவர்களுக்கு இதென்ன வேலை?" என்று கேட்பது சுலபம். கேட்கிறவர் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சீட்டாட்டத்தில் கழித்திருந்தால் இன்னும் சுலபம். அது கிடக்கட்டும். இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. காசு கொடுத்து வாங்கிய பொம்மையின் தலையை அறுத்து இன்னொரு தலையை வைக்க வாங்கியவனுக்கு உரிமை உண்டா, இல்லையா? அற்பமான கேள்வி போலத் தோன்றினாலும், இதை ஒட்டிய வழக்கொன்று அமெரிக்கக் கோர்ட்டில் இரண்டரை ஆண்டுகள் நடந்தது.

முதலில் ஆட்டத்தின் பூர்வீகம். அது நம் நாட்டுக்குத்தான் வந்து சேரும். தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையை வைத்து இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் வழியாக ஐரோப்பா போனது. 1780-ல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்பவர் அந்தச் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு மலை, ஆறு, சதுப்பு என்று பெயர் கொடுத்து ஒரு போர் விளையாட்டைச் செய்தார். 1812-ல் பிரஷ்ய மன்னர் முன்னிலையில் ரைஸ்விட்ஸ் என்பவர் தம்முடைய ஆட்டத்தை வைத்தார். அவருடைய மகன் 1824-ல் அதைத் திருத்தி, ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சியாகவே ஆக்கிவிட்டார். 1913-ல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகத்தை எழுதி, ஈயச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு பெரியவர்களும் தரையில் உட்கார்ந்து விளையாடலாம் என்று வழி காட்டினார். அடுத்த ஆண்டே நிஜச் சிப்பாய்கள் நிஜச் சேற்றில் இறங்க வேண்டி வந்தது வேறு கதை.

பேயும் பூதமும் இந்த மேசைக்கு வந்தது பிற்பாடு. 1971-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய 'செயின்மெயில்' என்ற விதிப் புத்தகத்தில் மாயாஜாலப் படைகளுக்கும் பின்னிணைப்பாக ஓர் இடம் கொடுத்தார்கள். அப்போது கடையில் டிராகன் பொம்மை ஏது? கையில் கிடைத்ததை வைத்து ஆடினார்கள். ஹாங்காங்கில் செய்து பை பையாகக் கட்டி மலிவாக விற்ற பிளாஸ்டிக் மிருகங்களைப் பார்த்துத்தான் கைகாக்ஸ் தமது ஆட்டத்தின் சில விசித்திரப் பிராணிகளைக் கற்பனை செய்தார். இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணி ஒன்று அப்படிப் பிறந்ததுதான். எந்த அச்சுப் பட்டறைத் தொழிலாளி எந்த மிருகத்தை நினைத்து அந்த அச்சைச் செதுக்கினாரோ, யாருக்கும் தெரியாது. ஆக, ஒன்றுக்காகச் செய்த பொம்மையை வேறொன்றாக மாற்றிக்கொள்வது இந்த விளையாட்டில் பின்னால் நுழைந்த குறும்பு அல்ல. விளையாட்டே அதில்தான் பிறந்தது.

கேம்ஸ் வொர்க்ஷாப்பின் துணையோடு 1979-ல் பிரயன் ஆன்சல் தொடங்கிய சிட்டடல் என்ற பட்டறை உலோகப் பொம்மை வார்த்தது. அந்தப் பொம்மைகளுக்கு வேலை கொடுக்க 1983-ல் 'வார்ஹாம்மர்' என்ற ஆட்டம் வந்தது. ஆன்சல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி மூவரும் எழுதியது. அதில் மனிதப் படை, குள்ளர் படை, முரட்டுப் பச்சை நிறத்தார் படை என்று பல உண்டு. அவற்றில் செத்தவர்களின் படையும் ஒன்று. மந்திரவாதி ஒருவன் சுடுகாட்டிலிருந்து எழுப்பிவிடும் எலும்புக்கூடுகள் அதில் காலாட்படை. இவற்றுக்குப் பயமில்லை, தோற்றாலும் ஓடுவதில்லை. தோற்றால் இருந்த இடத்திலேயே பொலபொலவென்று உதிர்ந்துவிடும். படையை இயக்கும் மந்திரவாதி செத்தால் மொத்தப் படையும் உதிரத் தொடங்கும். ஹெட் கிளார்க் லீவில் போனதும் செக்‌ஷனே கலகலத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எலும்புக்கூட்டுக்கு மவுசு வந்ததற்குச் சினிமாவும் ஒரு காரணம். 1963-ல் வந்த 'ஜேஸன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்' படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் வாளும் கேடயமுமாக மூன்று மனிதர்களோடு சண்டை போடும். ரே ஹாரிஹாஸன் என்பவர் ஒற்றை ஆளாகப் பொம்மைகளைக் கடுகளவு கடுகளவாக நகர்த்தி, பிரேம் பிரேமாகப் படம் பிடித்தார். சில நிமிடமே ஓடும் அந்தச் சண்டைக்கு நாலரை மாதம் பிடித்தது. பொம்மைகளின் உள்ளே இருந்த உலோக மூட்டுகளைக் கடைந்து கொடுத்தவர் அவருடைய தகப்பனார். அந்தக் காட்சியைச் சிறுவயதில் பார்த்தவர்களில் எத்தனையோ பேர் பிற்காலத்தில் எலும்புக்கூட்டுப் படை கட்டினார்கள்.

இனி வேலைக்கு வருவோம். நம் வீட்டுக் கொலுப் பொம்மை கண்ணும் மூக்கும் எழுதி, வர்ணம் பூசித்தான் கடையிலிருந்து வருகிறது. இந்த எலும்புக்கூடு அப்படி வருவதில்லை. பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். அந்தச் சட்டத்தில் தலை தனி, கை தனி, உடல் தனி, கேடயம் தனி என்று காய் போலத் தொங்கும். வெட்டுக் குறடால் ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மயிரிழை போல ஒரு வரம்பு எழும்பி நிற்கும். கத்தியின் பின்முதுகால் அதைச் சுரண்ட வேண்டும். மற்ற பொம்மையில் இந்த வேலை ஐந்து நிமிடம் என்றால், எலும்புக்கூட்டில் அதைப்போல் இரண்டு மடங்கு. கை எலும்பு தீக்குச்சியைவிட மெலிசு, கொஞ்சம் அழுத்தினால் 'டக்'கென்று ஒடியும். ஒடிந்தால் கவலையில்லை என்பதும் எலும்புக்கூட்டின் விசேஷம். ராஜகுமாரனுக்குக் கை ஒடிந்தால் பொம்மை வீண். எலும்புக்கூட்டுக்குக் கை ஒடிந்தால் முந்நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்ததற்கு அத்தாட்சி!

பிளாஸ்டிக்கை ஒட்டுகிற பசை சாதாரணப் பசை அல்ல. இரு பக்கத்தையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்தபின் பிரித்தால் வேறெங்காவது உடையுமே தவிர ஒட்டிய இடத்தில் பிரியாது. உலோகப் பொம்மைக்கு அது பயன்படாது. அதற்கு ஃபெவிக்விக் மாதிரியான பசை வேண்டும். அதுவும் கனமான துண்டாக இருந்தால் நிற்காது. இரு பக்கமும் ஊசித் துளை போட்டு, நடுவில் பித்தளைக் கம்பியோ பேப்பர் கிளிப்போ செருகி ஒட்டுவார்கள். இடைவெளியை அடைக்க ஒரு மக்கு இருக்கிறது. நீலம் ஒரு பட்டை, மஞ்சள் ஒரு பட்டை. இரண்டையும் பிசைந்தால் பச்சையாகும். ஒழுகும் குழாயை அடைக்க எம்-சீல் பிசைந்தவர்களுக்கு இதன் குணம் தெரியும். ஓரிரு மணி நேரத்துக்குள் செதுக்கிவிட வேண்டும், மறுநாள் கல்லாகிவிடும். ஈரக் கையால் தொடாவிட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும்.

இந்த மக்கும் கத்தியும் கையில் இருந்தால் ஒரே அச்சில் வார்த்த முப்பது பேரை முப்பது தனி ஆட்களாக்கிவிடலாம். ஒரு கூட்டை இடுப்போடு அறுத்து மேல்பாதியைப் பீடத்தில் ஒட்டினால் மண்ணைப் பிளந்துகொண்டு எழுகிற தோற்றம் வந்துவிடும். மிஞ்சிய கால்கள் எலும்புக் குவியலுக்கு உதவும். ஃபெவிகால் கரைத்த தண்ணீரில் மெல்லிய காகிதத்தை நனைத்துத் தோளில் போர்த்தினால், காய்ந்தபின் கிழிந்த போர்வை போல விறைத்து நிற்கும். தீக்குச்சிகளை அடுக்கிக் கவண் செய்து மண்டையோடுகளை அதற்குக் குண்டாக வைப்பவர்கள் உண்டு. தலையை லேசாகச் சாய்த்து ஒட்டினாலே போதும், முறைத்துக்கொண்டிருந்த கூடு எதையோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். இதற்குக் காசே செலவில்லை.

வர்ணம் தீட்டுவதிலும் எலும்புக்கூடு ஏழைக்கு இணக்கமானது. முதலில் பிரைமர் அடிக்க வேண்டும். டப்பாவில் வரும் ஸ்பிரேயை வீட்டுக்கு வெளியே, ஈரமில்லாத நாளில் அடிப்பது நல்லது. மழைக்காலத்தில் அடித்தால் மேற்பரப்பு மாவு பூத்தது போல ஆகும். அதன்மேல் மங்கலான எலும்பு நிறம். அது காய்ந்ததும் தண்ணீர் போல நீர்த்த பழுப்புச் சாயத்தைத் தாராளமாகப் பூசினால், விலா எலும்பின் இடுக்கிலும் கண் குழியிலும் அது தானாகவே போய்த் தங்கும். நிழல் வந்துவிட்டது. கடைசியில் தந்த நிறத்தைத் தூரிகையில் தொட்டு, துணியில் துடைத்து, வர்ணம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு உலர்ந்தபின் மேலாகத் தேய்க்க வேண்டும். மேடான இடத்தில் மட்டும் வெளிச்சம் பிடிக்கும். மூன்று நிறம், முப்பது கூடு. ஓவியப் பயிற்சி எதுவும் வேண்டாம். நல்ல தூரிகையை இந்தத் தேய்ப்பு வேலைக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் தலையில் அடித்துக்கொள்ளாமல் இருந்தால் சரி. பழைய தூரிகைதான் இதற்கு உகந்தது.

அனுபவஸ்தர்கள் ஒவ்வொன்றாகத் தீட்டுவதில்லை. பத்துப் பத்தாக வரிசையில் நிறுத்தி, பத்துக்கும் எலும்பு, பத்துக்கும் சாயம், பத்துக்கும் ஈட்டிக்காம்பு என்று போய்விடுகிறார்கள். பார்ஸல் ஆபீஸில் லேபிள் ஒட்டுவது போலத்தான். சலிப்புத் தட்டும். ஆனால் ராத்திரி அரைமணி நேரம் வீதம் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் ஒரு பட்டாளம் எழுந்து நிற்கும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் கலந்திருந்தது. 1990-களில்தான் பெரும்பாலான கம்பெனிகள் ஈயமில்லாத கலவைக்கு மாறின. பழையதை விலைக்கு வாங்கி அரம் போடுகிறவர்கள் அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, கை கழுவாமல் சாப்பிடவும் கூடாது. தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கமும் வேண்டாம். ரெஸின் வகைப் பொம்மையைத் தேய்க்கும்போது மூக்கில் முகமூடி அவசியம்.

இவ்வளவு உழைப்பும் வாங்கியவருடையது. பெட்டிக்குள் இருந்தது மூலப்பொருள். மேசைமேல் நிற்பது அவர் செய்த வஸ்து. இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால்தான் தகராறு விளங்கும்.

1980-களில் கம்பெனியும் இப்படித்தான் பார்த்தது. அதன் 'ஒயிட் டுவார்ஃப்' பத்திரிகை (1977-ல் தொடங்கியது) பொம்மையை எப்படி வெட்டுவது, எதை எதோடு சேர்ப்பது என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்தது. காலியான டியோடரன்ட் டப்பாவை எதிர்காலப் போர்வண்டியாக மாற்றும் விதத்தைக்கூட அந்தப் பத்திரிகை வெளியிட்டது. பிற்பாடு கை, கால், தலை என்று உதிரி உறுப்புகளைத் தனியாகத் தபாலில் விற்றார்கள். பொம்மையே இல்லாத வீரர்களுக்கு விதிப் புத்தகத்தில் இடம் இருந்தது. "நீங்களே செய்துகொள்ளுங்கள்" என்பது அதன் அர்த்தம். 1987-ல் கம்பெனி தொடங்கிய 'கோல்டன் டீமன்' வர்ணப் போட்டியில் பரிசு வாங்கியவற்றில் பல, வெட்டி ஒட்டி மாற்றியமைத்தவையே.

பிறகு காலம் மாறியது. 2010 டிசம்பரில் சாப்டர்ஹவுஸ் ஸ்டூடியோஸ் என்ற சின்ன அமெரிக்கக் கம்பெனியின் மேல் கேம்ஸ் வொர்க்ஷாப் சிகாகோ கோர்ட்டில் வழக்குப் போட்டது. அந்தச் சின்னக் கம்பெனி முழுப் பொம்மையை நகல் எடுத்து விற்றதாக அல்ல வழக்கு. பெரிய கம்பெனியின் பொம்மைகளில் பொருத்திக்கொள்ளத் தோள்கவசம், தலை, ஆயுதம் போன்ற உதிரிகளைத் தானே வடித்து விற்றது. 2013 ஜூனில் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். சில உருப்படிகளில் பெரிய கம்பெனிக்கு வெற்றி, பலவற்றில் தோல்வி. நஷ்டஈடு 25,000 டாலர். வக்கீல் செலவோடு ஒப்பிட்டால் அது எந்த மூலைக்கு! ஆனால் வழக்குக்குப் பின் ஒரு வழக்கம் இறுகிப்போனது. தான் பொம்மை விற்காத வீரனுக்கு விதி எழுதுவதைக் கம்பெனி படிப்படியாகக் குறைத்துக்கொண்டது. பெட்டியில் இருக்கும் ஆயுதம் எதுவோ அதுவே விதியில் இருக்கும் என்ற நிலைமை. இடைவெளி இருந்தால்தானே வேறொருவன் உதிரி செய்து விற்பான் என்பது கணக்கு.

இந்தக் கணக்கு வியாபாரத்துக்குச் சரியாக இருக்கலாம். விளையாட்டுக்கு நஷ்டம். புத்தகத்தில் விட்டிருந்த வெற்றிடம்தான் எத்தனையோ பேரைக் கத்தி எடுக்க வைத்தது. அந்த இடத்தை அடைத்துவிட்டால் பெட்டியின் மேல்அட்டைப் படத்தைப் பார்த்து அதேபோல் ஒட்டுகிற வேலைதான் மிஞ்சும்.

கம்பெனியின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்வதற்கில்லை. பிளாஸ்டிக் வார்க்க எஃகு அச்சு வெட்ட வேண்டும், அதற்குப் பெருந்தொகை ஆகும். சிற்பி மாதக்கணக்கில் உழைக்கிறார். ஒரு பெட்டியை வாங்கி, ரப்பர் அச்செடுத்து, அப்படியே நூறு நகல் வார்த்துச் சந்தையில் விற்கிறவன் திருடன்தான். அதில் மழுப்ப எதுவுமில்லை. மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். எத்தனையோ கம்பெனிகள் கூலி மலிவான தேசம் தேடி ஓடிய காலத்திலும் இந்தக் கம்பெனி பொம்மையை நாட்டிங்ஹாமிலேயே வார்க்கிறது. ராலே தொழிற்சாலை மூடியதைப் பார்த்த ஊருக்கு அது சாதாரண விஷயமல்ல. 2021-ல் லாபம் கொழித்தபோது அதிகாரி, சிப்பந்தி என்ற பேதமில்லாமல் ஊழியர் ஒவ்வொருவருக்கும் 5,000 பவுன் சமமாகப் போனஸ் கொடுத்தது. தீபாவளி போனஸுக்கு எட்டு புள்ளி மூன்று மூன்று சதவீதமா, கூடுதலா என்று ஆண்டுதோறும் கதவைத் தட்டுகிறவர்கள் இந்தச் செய்தியை இரண்டு தரம் படிப்பார்கள்.

ஆனால் நகல் எடுப்பது வேறு, மாற்றுவது வேறு. விலை கொடுத்து வாங்கிய எலும்புக்கூட்டுக்கு வேறொருவர் வடித்த தலையை வைப்பவர் எவருடைய சோற்றிலும் மண் போடவில்லை. அவர் முழுப் பெட்டியையும் வாங்கியிருக்கிறார். தையற்காரரிடம் கொடுத்துச் சட்டைக்கு வேறு பொத்தான் வைத்தால் துணி மில் வழக்குப் போடுமா? கம்பெனி தன் சொந்தக் கடையிலும் தான் நடத்தும் பந்தயத்திலும் தன் பொம்மைதான் வேண்டும் என்று நிபந்தனை போடட்டும். அது அவர்கள் கூரை. கிளப்பிலும் வீட்டு மேசையிலும் அந்தச் சட்டத்துக்கு இடம் கொடுக்கத் தேவையில்லை. வருத்தம் என்னவென்றால், கம்பெனி கேட்காத இடத்திலும் சில ஆட்டக்காரர்களே போலீஸ் வேலை பார்க்கிறார்கள். எதிரே நிற்கும் படையில் ஒரு கூட்டின் தலை வேற்றுக் கம்பெனியுடையது என்று கண்டுபிடித்து முகம் சுளிக்கிறார்கள். முதலாளி கவலைப்படாத விஷயத்தில் மேஸ்திரி கவலைப்படுவது எல்லாத் தொழிலிலும் உள்ளதே.

விலைப் பிரச்னையும் இதோடு பின்னிக்கிடக்கிறது. எலும்புக்கூடு தீட்டச் சுலபம் என்று சொன்னோம். ஆனால் ஆட்டத்தில் அது பலவீனமான வீரன். ஒன்று இரண்டு வைத்தால் எதிரி ஊதித் தள்ளிவிடுவான். முப்பது, அறுபது, நூறு என்று வைத்தால்தான் படை. ஆக, தலைக்குக் கொஞ்சம் என்று தொடங்கி மொத்தத்தில் சம்பளத்தைக் கடிக்கிற செலவாகிறது. ஆண்டுக்காண்டு விலை ஏறுகிறது என்ற முணுமுணுப்பும் பழசு. இதனால்தான் வேறு கம்பெனிகள் தலையெடுத்தன. நாட்டிங்ஹாமிலேயே மான்டிக் என்ற கம்பெனி 2009 வாக்கில் மலிவான எலும்புக்கூடுகளோடு வந்தது. வார்கேம்ஸ் அட்லான்டிக் என்ற மற்றொன்று பெட்டிக்கு முப்பதுக்கும் மேல் கொடுக்கிறது. தாய்க் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வெளியேறியவர்கள் தொடங்கிய பட்டறைகளால் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே 'ஈயப் பட்டை' என்ற செல்லப் பெயர் உண்டு.

அப்படி வெளியே வந்தவர்களில் ஆலன் பெர்ரி, மைக்கேல் பெர்ரி என்ற இரட்டையர்களும் சேர்த்தி. இருவரும் சிட்டடலுக்காகப் பல ஆண்டுகள் பொம்மை வடித்த சிற்பிகள். 1996-ல் பிரான்சில் பழங்காலப் போரை நடித்துக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றில் நேர்ந்த பீரங்கி விபத்தில் மைக்கேல் தமது வலக் கையை இழந்தார். அங்குல உயர உருவத்தில் விரல் நகத்தைக்கூடச் செதுக்கிய கை அது. அவர் இடக் கையால் முதலிலிருந்து பழகினார், மறுபடியும் சிற்பியானார். இன்று அண்ணனும் தம்பியுமாகத் தனிக் கம்பெனி நடத்துகிறார்கள். பொம்மைத் தொழிலை விளையாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு மனிதரை நினைத்தால் போதும்.

இப்போது 2015-ஆம் ஆண்டுக்கு வருவோம். விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் உள்ள உறவு அந்த ஆண்டில்தான் வெட்டவெளிச்சமானது. முப்பத்திரண்டு ஆண்டுகளாக நடந்த வார்ஹாம்மர் ஆட்டத்தைக் கம்பெனி கதையளவில் உலகத்தையே அழித்து முடித்துவிட்டது. அதற்குப் பதிலாக 'ஏஜ் ஆஃப் சிக்மார்' என்ற புது ஆட்டம். பழையதில் வீரர்கள் சதுரப் பீடத்தில் தோளோடு தோள் உரசி அணிவகுப்பார்கள். புதியதில் வட்டப் பீடம், சிதறி நிற்கும் கூட்டம். எகிப்திய பாணியில் நீலமும் பொன்னும் பூசிய கல்லறை மன்னர்களின் எலும்புக்கூட்டுப் படையைத் தயாரிப்பதையும் கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார்கள். பத்து ஆண்டுகள் ராத்திரி ராத்திரியாகத் தீட்டி இருநூறு கூடுகளைச் சேர்த்து வைத்திருந்தவருக்கு ஒரு நாள் காலையில் அந்தப் படைக்கு ஆட்டமே இல்லை என்று தெரியவந்தால் எப்படியிருக்கும்? கம்பெனியைச் சட்டப்படி எவரும் கேட்க முடியாது. அது விற்றது பிளாஸ்டிக், உத்தரவாதமாக எதையும் எழுதித் தரவில்லை.

ஆனால் அப்போது நடந்ததைக் கவனிக்க வேண்டும். பலர் படையை மூட்டை கட்டவில்லை. தன்னார்வத்தோடு கூடி 'தி நைன்த் ஏஜ்' என்று சொந்த விதிகளை எழுதினார்கள், இலவசமாகவே கொடுத்தார்கள். சிலர் மான்டிக் கம்பெனியின் 'கிங்ஸ் ஆஃப் வார்' ஆட்டத்தில் அதே கூடுகளை இறக்கினார்கள். அங்கே எந்தக் கம்பெனிப் பொம்மை என்று யாரும் கேட்பதில்லை. இன்னும் சிலர் சதுரப் பீடத்திலிருந்து கணுக்காலோடு வெட்டி எடுத்து வட்டப் பீடத்தில் நட்டுப் புது ஆட்டத்துக்குப் போனார்கள். விற்றவன் கைவிட்ட படையை வாங்கியவர்கள் காப்பாற்றினார்கள். வெட்டவும் ஒட்டவும் பழகிய கைகளுக்குத்தான் அது முடிந்தது. பெட்டிப் படத்தைப் பார்த்து மட்டும் ஒட்டிப் பழகியவர்கள் பெட்டி நின்றதும் தாங்களும் நின்றார்கள்.

ஒன்பது ஆண்டு கழித்துக் கம்பெனிக்கும் மனம் மாறியது. 2024 ஜனவரியில் 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்ற பெயரில் பழைய ஆட்டம் திரும்பி வந்தது. முதல் வரிசையில் கொண்டுவந்த படைகளில் ஒன்று, நிறுத்தி வைத்திருந்த அதே கல்லறை மன்னர்கள். 2000-களின் தொடக்கத்து அச்சில் வார்த்த அதே பெரிய மண்டை, குச்சிக் கைக் கூடுகள் புதுப் பெட்டியில், புது விலையில் விற்கப்பட்டன. பழைய அச்சுக்குப் புது விலையா என்று குறைப்பட்டவர்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

திரும்பி வந்த ஆட்டத்திலும் ஒரு சிக்கல். பீடம் மறுபடி சதுரம்தான், ஆனால் பழைய 20 மில்லிமீட்டருக்குப் பதில் காலாட்படைக்கு 25 மில்லிமீட்டர். வட்டப் பீடத்துக்கு மாற்றியவர்கள் மீண்டும் கணுக்காலை அறுக்கிறார்கள். மாற்றாமல் காத்திருந்தவர்கள் பீடத்தைத் தொடுவதில்லை. கனத்த அட்டையில் தட்டு வெட்டி, கூட்டுக்குக் கூடு 5 மில்லிமீட்டர் இடைவெளி வருமாறு குச்சி ஒட்டி, தடுப்புத் தடுப்பாகப் பிரித்து, இடுக்கில் மணல் தூவி, அதற்கும் அதே பழுப்புச் சாயத்தைப் பூசிவிட்டு, பழைய இருநூறையும் அதில் நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள்.